ஏற்காடு... யாரோட ஊட்டி?

ஒரு குட்டி டெஸ்ட்! 'ஏற்காடு' என்று சொன்னதும் உங்க மனசில் முதலில் வருகிற வார்த்தை என்ன? யோசிக்கவே கூடாது. டக்குனு சொல்லணும்.

'ஏழைகளின் ஊட்டி!'

கரெக்ட்டா? பத்துக்கு எட்டுப் பேர் இதைத்தான் சொல்வீங்க. மீதி ரெண்டு பேர் 'போட்டிங்', 'பஜ்ஜி' என்பீங்க. தப்பே இல்லை. ஸ்கூல் டூர் நோட்டீஸில் தொடங்கி, லாட்ஜ் விசிட்டிங் கார்டு வரைக்கும் அதைத்தானே எழுதி வெச்சிருக்காங்க?

ஆனால், கொஞ்சம் நிதானமாக அந்த ரெண்டு வார்த்தையைப் பாருங்க. 'ஏழைகளின்' என்றால், கையில் காசு இல்லாதவங்க போகிற இடம். 'ஊட்டி' என்றால், அது வேறொரு ஊரின் பெயர். ஆக, ஓர் ஊரை அறிமுகப்படுத்துகிற ரெண்டு வார்த்தையில் அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை! உங்களை ஒருத்தர் மேடையில் ஏற்றி, 'இவர் பக்கத்து வீட்டுப் பையனின் விலை குறைந்த மாடல்' என்று அறிமுகப்படுத்தினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இந்தக் கேள்வி எனக்குள் சும்மா வரவில்லை பாஸ். ஒரு ஆன்லைன் கோர்ஸ் கொடுத்த அசைன்மென்ட்டில் வந்தது.

ஹாஸ்டல் ரூமில் ஒரு மலை!

நான் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பையன். 'உனக்கு எதுக்குப்பா மக்கள் தொடர்பு கோர்ஸ்?' என்று ரூம்மேட்டே கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால், இப்போ எல்லா காலேஜிலும் ஆன்லைன் கோர்ஸ் காலம். 2003-ல் ஐ.ஐ.டி-க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல்., 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த 'ஸ்வயம்', 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' என்று திரும்பின பக்கமெல்லாம் கிளாஸ்ரூம்தான். சர்க்யூட் படிக்கிறவன் சைக்காலஜி படிக்கலாம்; சிவில் படிக்கிற பொண்ணு சினிமா பற்றிப் படிக்கலாம். நான் பிடித்தது பி.ஆர்., அதாவது மக்கள் தொடர்பு. அதிலும் ஒரு தனிப் பிரிவு... ஓர் ஊருக்கான நல்ல பிம்பத்தை எப்படி உருவாக்குவது?

'பி.ஆர்.ஓ.' என்றதும் நம்மாட்களுக்கு சினிமாதான் ஞாபகம் வரும். அதுவும் சரிதான். 1958-ல் 'நாடோடி மன்னன்' படத்துக்காக பிலிம் நியூஸ் ஆனந்தன்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. ஆனார். அதே 1958-ல்தான் இந்திய மக்கள் தொடர்பு சங்கமும் உருவானது. கம்பெனிகளுக்கு பி.ஆர்.ஓ. வந்தார்கள், ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள், கோயில்களுக்குக்கூட வந்தார்கள். ஊருக்கு?

அதுவும் உண்டு. 1975-ல் நியூயார்க் நகரம் கிட்டத்தட்ட திவாலாகிக் கிடந்தது. ஆட்குறைப்பு பயத்தில் இருந்த போலீஸ் சங்கங்களே, 'பயங்கர நகரத்துக்கு நல்வரவு' என்று மண்டை ஓடு படம் போட்ட நோட்டீஸ் அடித்து டூரிஸ்ட்களை மிரட்டின! ரெண்டே வருஷம். 1977-ல் மில்டன் கிளேஸர் என்ற டிசைனர் ஒரு சிவப்பு இதயத்தை நடுவில் வைத்து 'ஐ லவ் நியூயார்க்' சின்னத்தை வரைந்தார். அதற்கு அவர் காசு வாங்கவில்லை. இன்றைக்கும் நம்ம தி.நகர் பிளாட்பார டி-ஷர்ட்களில் அந்த இதயம் துடிக்கிறது.

பக்கத்திலேயே பாருங்க. 1989-ல் முத்ரா விளம்பர நிறுவனத்தில் இருந்த வால்டர் மென்டிஸ் கேரளாவுக்குக் கொடுத்த வாசகம்தான் 'கடவுளின் சொந்த தேசம்'. 2002-ல் மத்திய சுற்றுலாத் துறை தொடங்கியது 'இன்க்ரெடிபிள் இந்தியா'. இவையெல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்து, ஒருத்தர் பொறுப்பேற்றுச் செய்த வேலை. 'ஏழைகளின் ஊட்டி'க்கு அப்படி ஒரு பொறுப்பாளி இல்லை. அது தானாக ஒட்டிக்கொண்ட ஸ்டிக்கர்.

கோர்ஸின் கடைசி அசைன்மென்ட் இதுதான்: 'உங்கள் பக்கத்தில் இருக்கும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிம்பம் என்ன, நிஜம் என்ன, ரெண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள்.' நான் படிக்கிறது சேலத்தில். ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்றால் எதிரே சேர்வராயன் மலை. வேறு என்ன வேணும்?

20 வளைவு... 4 பாடம்!

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஏறினால் ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். மொத்தம் 20. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போர்டு. ஜன்னல் பக்கம் சீட் கிடைத்தால் நீங்க அதிர்ஷ்டசாலி. கிடைக்காவிட்டால் ஒரு எலுமிச்சம்பழம் அவசியம்!

நாலைந்து வளைவு தாண்டினால் சேலத்து வெயில் கழன்று விழும். மூங்கில், பாறை, குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்கம்மா, கீழே தீப்பெட்டி சைஸில் சேலம். மேலே போய்ச் சேர்ந்தால் ஏறக்குறைய 5,000 அடி உயரம். ஊட்டி 7,300 அடிக்கு மேல். அதனால் குளிரில் ஏற்காடு ஊட்டியோடு போட்டி போடவே முடியாது. போட்டி போட வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த 20 வளைவு முடிவதற்குள் நான் படித்த முக்கியமான பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். 1984-ல் ஜேம்ஸ் க்ருனிக், டாட் ஹன்ட் என்ற ரெண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் மக்கள் தொடர்பை நாலு வகையாகப் பிரித்தார்கள். நம்ம பாஷையில் சொன்னால்...

முதல் வகை, தம்பட்டம். உண்மையோ பொய்யோ, கூட்டம் சேர்ந்தால் சரி. 'தமிழகத்தின் சுவிட்சர்லாந்து, வாங்க வாங்க!'

ரெண்டாவது, தகவல் பலகை. பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால், பேச்செல்லாம் ஒரு பக்கத்திலிருந்துதான். 'ஏரி திறந்திருக்கும் நேரம் இது, டிக்கெட் விலை இது.'

மூணாவது, கேட்டுக்கொண்டு மயக்குவது. உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று சர்வே எடுப்பார்கள். அதை வைத்து உங்களை மாற்றுவார்கள். தங்களை மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

நாலாவது, சரிசமப் பேச்சு. ரெண்டு பக்கமும் பேசணும், ரெண்டு பக்கமும் கேட்கணும், தேவைப்பட்டால் ரெண்டு பக்கமும் மாறணும்.

எங்க டிபார்ட்மென்ட் மக்களுக்கு இன்னும் ஈஸியாகச் சொல்றேன். முதல் ரெண்டும் ஓபன் லூப். போட்ட சிக்னல் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி எதுவும் வராது. மூணாவதில் ஃபீட்பேக் உண்டு. ஆனால், அதை வைத்து எதிராளியைத்தான் திருத்துவார்கள், தங்களை அல்ல. நாலாவதுதான் ஒழுங்கான குளோஸ்டு லூப். ஃபீட்பேக் இல்லாத சிஸ்டம் தன் தப்பைத் தானே திருத்திக்காது என்று கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் படிச்சிருக்கோம் இல்லையா? ஊருக்கும் அதே விதிதான்.

பக்கோடா கிடைக்குமா அண்ணா?

ஏற்காட்டில் பஸ் இறங்கியதும் ஏரி. அதைச் சுற்றி காரும் வேனும். போட் ஹவுஸ் க்யூவில் நின்ற பல பேரிடம், 'ஏற்காடுன்னா என்ன?' என்று ஒரே கேள்வியைக் கேட்டேன். 'ஊட்டி மாதிரி, ஆனா பக்கத்துல', 'காலையில வந்துட்டு சாயங்காலம் போயிடலாம்', 'செலவு கம்மி' - இப்படித்தான் பதில்கள். ஒரு காலேஜ் கேங் மட்டும், 'பகோடா பாயின்ட்ல பக்கோடா சூப்பரா இருக்குமாமே?' என்று என்னையே திருப்பிக் கேட்டது!

பகோடா பாயின்ட்டுக்கு அந்தப் பெயர் வரக் காரணம் பக்கோடா அல்ல மக்களே. அங்கே இருந்த பழைய கல் அடுக்குகள் புத்தர் கோயில் கோபுரம் மாதிரி தெரிந்ததால் வந்த பெயர். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட், பியர்ஸ் கேவ்... டூரிஸ்ட் மேப்பை விரித்தால் இங்கிலீஷ் பெயர்களாக வரிசை கட்டும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர்கள் பங்களா கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள். பார்த்த இடத்துக்கெல்லாம் தங்களுக்குப் புரிகிற பெயர் வைத்தார்கள். 'சேர்வராயன்' அவர்கள் வாயில் 'ஷெவராய்' ஆனது.

ஆனால், அதற்கு முன்பும் இந்த மலைக்குப் பெயர் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். ஏரியும் காடும் சேர்ந்து 'ஏரிக்காடு' ஆகி, அது 'ஏற்காடு' ஆனது என்பார்கள். இந்த மலைக்காரர்கள் 'மலையாளி' பழங்குடி மக்கள். உடனே 'ஓ, கேரளாவா?' என்று கேட்காதீங்க. மலையை ஆள்பவர்கள், மலையாளி. அவர்கள் பேசுவது தமிழ்தான். தமிழ்நாட்டுப் பழங்குடியினரில் எண்ணிக்கையில் பெரிய சமூகமே இவர்கள்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று கதை சொல்வார்கள்.

சேலத்திலேயே பிறந்து வளர்ந்த என் கிளாஸ்மேட்ஸ் சிலருக்கு இது தெரியாது. பக்கத்திலேயே இருக்கும் மலையில் யார் வாழ்கிறார்கள் என்பதே தெரியாத அளவுக்கு, 'ஊட்டி' என்ற வார்த்தை பெரிசாக மறைத்துவிட்டது.

மே மாதம்... மூணு கூட்டம்!

எல்லாரும் ஏற்காட்டுக்குப் போவது மே மாதம். கோடை விழா, அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி. ரோஜாவில் யானை, கார்னேஷனில் கப்பல் என்று செய்து வைப்பார்கள். நல்லாத்தான் இருக்கும். போட்டோ எடுத்துக்கலாம்.

அதே மே மாதத்தில் ஏற்காட்டில் இன்னும் ரெண்டு கூட்டம் நடக்கும்.

ஒன்று, சேர்வராயன் கோயில் திருவிழா. டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சுமார் 5,300 அடி உயரத்தில், மலையின் உச்சியில் புல்வெளி நடுவே ஒரு குகைக் கோயில். குனிந்துதான் உள்ளே போக முடியும். சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். குகைக்குள் எப்பவும் ஈரம். உள்ளங்கால் சில்லென்று ஆகும். வெளியே வந்தால் காற்று ஆளைத் தள்ளும். சுற்றுப்பட்டு மலைக் கிராமத்து மக்களெல்லாம் திருவிழாவுக்கு வந்து சேர்கிறார்கள். மலைக்கே பெயர் கொடுத்த சாமியாச்சே!

இன்னொன்று, மே 1-ம் தேதி கிராம சபை. தமிழ்நாட்டில் எல்லா ஊராட்சிகளிலும் நடப்பதுபோல ஏற்காடு மலைக் கிராமங்களிலும் நடக்கும். ரோடு, தண்ணி, தெருவிளக்கு, ஆஸ்பத்திரி என்று மக்கள் எழுந்து பேசுகிற இடம்.

கவனிச்சீங்களா? க்ருனிக் சொன்ன அந்த நாலாவது வகை, 'ரெண்டு பக்கமும் பேசணும், ரெண்டு பக்கமும் கேட்கணும்' என்று நான் லேப்டாப்பில் குறிப்பெடுத்தேனே... அதற்கு ஏற்ற அமைப்பு நம்ம சட்டத்திலேயே இருக்கிறது! கிராம சபை. கோடை விழாவில் எந்தப் பாதையில் எவ்வளவு வண்டி விடலாம், எங்கே கடை போடலாம், குப்பையை யார் எடுப்பது, எந்த இடத்தை டூரிஸ்ட் மேப்பில் போடலாம், எந்த இடத்தை விட்டுவிடணும்... இதையெல்லாம் அங்கே கேட்டு எழுதினாலே முக்கால்வாசி பி.ஆர். பிளான் ரெடி.

டீக்கடையில் ஒரு பெரியவரிடம், 'டூரிஸ்ட்ங்க வந்தா உங்களுக்கு நல்லதா தாத்தா?' என்று கேட்டேன். 'வரட்டும் தம்பி. நல்லதுதான். ஆனா, வந்தவங்க எங்ககிட்ட வழி மட்டும்தான் கேக்கறாங்க' என்றார். என் அசைன்மென்ட்டில் நான் எழுதிய முதல் வரி அதுதான்.

காபிக்கு ஒரு பெயர் வேணும்!

ஏற்காடு ஏரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது, கல்யாணத்துக்குப் போய் வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டு திரும்புகிற மாதிரி. டவுனைச் சுற்றி சுமார் 32 கிலோமீட்டருக்கு ஒரு வட்டப்பாதை உண்டு. டூவீலரில் போனால் சொர்க்கம். ரெண்டு பக்கமும் காபித் தோட்டம். சில்வர் ஓக் மரம் நிழல் கொடுக்க, அதில் மிளகுக்கொடி சுற்றிக்கொண்டு ஏற, கீழே காபிச் செடி. கோடை மழை ஒன்று விழுந்து சில நாளில் பூக்கும்போது போங்க. செடி முழுக்க வெள்ளை வெளேர்னு பூ. வாசம் மல்லிகை மாதிரி இருக்கும்!

காபி வாரியம் இந்தியாவின் காபி மண்டலங்களைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை கொடுத்திருக்கிறது. அதில் 'ஷெவராய்ஸ்' தனி மண்டலம். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2019-ல் கூர்க், வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுதன்கிரி என்று 5 காபி வகைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் சேர்வராயன் இல்லை.

அரக்குப் பள்ளத்தாக்கின் கதையை மட்டும் தனியாகச் சொல்லணும். ஆந்திராவில் விசாகப்பட்டினத்துக்கு மேலே இருக்கும் மலை. நம்ம சேர்வராயன் மாதிரியே கிழக்குத் தொடர்ச்சி மலை. அங்கேயும் பழங்குடி மக்கள், நிழல் மரத்தடியில் காபி, கூடவே மிளகு. அந்த விவசாயிகளின் காபியை, அவர்கள் மண்ணின் பெயரிலேயே 'அரக்கு' என்று உலகத்துக்குக் கொண்டுபோனார்கள். 2017-ல் பாரீஸில் கடையே திறந்தார்கள்! 'ஏழைகளின் சிக்மகளூர்' என்று பெயர் வைத்திருந்தால் பாரீஸ்காரர் திரும்பிப் பார்த்திருப்பாரா?

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு இது பதில். விலை இருக்கிறது பாஸ். 'ஏழைகளின்' என்ற அடைமொழியோடு வருகிற டூரிஸ்ட், எல்லாமே சீப்பாகக் கிடைக்கணும் என்றுதான் வருவார். ரோட்டோரத்தில் மிளகு விற்கிற அக்காவிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவார். ஊருக்கு ஒட்டிய பெயர் அந்த அக்கா வீட்டு உலை வரைக்கும் போகிறது.

சொல்லாமல் விட்ட இன்னொரு சொத்து, செடிகள். இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-ல் ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டம் அமைத்தது. பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியை நேரில் பார்க்கலாம். சேர்வராயன் மலையில் மட்டுமே வளரும் ஓர் அரிய மரத்துக்கு 'வெர்னோனியா ஷெவராயென்சிஸ்' என்றே அறிவியல் பெயர். ஊர்ப் பெயரைத் தன் பெயரில் சுமக்கும் மரம்! உலகத்தில் வேறு எங்கேயும் இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு, 'நாங்களும் ஊட்டி மாதிரிதான்' என்று ஏன் சொல்லணும்?

பிம்பம் ஜெயிச்சா என்ன ஆகும்?

'அப்படின்னா சூப்பரா ஒரு விளம்பரம் பண்ணி, கூட்டத்தைக் குவிச்சிடலாமே?' என்கிறீர்களா? இருங்க, அங்கேதான் சிக்கலே!

ஊட்டி ஜெயித்த ஊர். என்ன ஆச்சு? 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் இருந்து சீஸனுக்கு வண்டிகளுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று கணக்கு. 'வாங்க வாங்க' என்று கூப்பிட்ட மலை, 'போதும் போதும்' என்று கும்பிடுகிற நிலைமை.

கொடைக்கானலில் இன்னொரு வேடிக்கை. 'டெவில்ஸ் கிச்சன்' என்று இருந்த குகை, 1991-ல் கமல் படம் வந்த பிறகு 'குணா குகை' ஆனது. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்ததும் மறுபடியும் கூட்டம் அள்ளியது. ஊர்க்காரர் யாரும் கேட்கவில்லை, எந்த அதிகாரியும் திட்டம் போடவில்லை. சினிமா போட்ட பிம்பம்.

ஆக, கோர்ஸ் சொன்ன ரெண்டாவது முக்கியப் பாடம்: பிம்பம் என்பது வாக்குறுதி. தாங்க முடிகிற அளவுக்கு மட்டும்தான் வாக்குக் கொடுக்கணும். கேரளாவே 'கடவுளின் சொந்த தேசம்' என்று சொல்லிச் சொல்லிக் கூட்டம் சேர்த்த பிறகு, 2008-ல் குமரகம் போன்ற இடங்களில் 'பொறுப்பு சுற்றுலா'வைத் தொடங்கியது. ஹோட்டலுக்கு வேண்டிய காய்கறியை உள்ளூர் குடும்பஸ்ரீ பெண்கள் விளைவித்துக் கொடுப்பது மாதிரி ஏற்பாடு. வாசகம் வந்து கிட்டத்தட்ட 20 வருஷம் கழித்து! ஏற்காடு அதை முதலிலேயே செய்யலாமே?

நல்லதை மட்டும் சொன்னால் அது பி.ஆர். இல்லை

மக்கள் தொடர்பு என்றாலே அசிங்கத்துக்கு மேல் பெயின்ட் அடிக்கிற வேலை என்று ஓர் எண்ணம் உண்டு. கோர்ஸில் எனக்குப் பிடித்த கதை அதற்கு நேர் எதிர். 1906 அக்டோபரில் அமெரிக்காவில் அட்லான்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் ஒரு ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்தது. 50-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தக் காலத்து வழக்கம், விஷயத்தை மூடி மறைப்பது. ஆனால், ரயில் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ, நடந்ததை அப்படியே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். உலகின் முதல் பத்திரிகைச் செய்திக் குறிப்பு அதுதான் என்கிறார்கள்.

இதை ஏற்காட்டுக்குக் கொண்டு வாங்க. 2024 ஏப்ரல் 30-ம் தேதி ஏற்காடு மலைப்பாதையில் ஒரு தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போயின. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. இந்த மலையில் பல வருஷம் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோன வரலாறும் உண்டு. மலைக்கு நல்ல பெயர் வேணும் என்பதற்காக இதையெல்லாம் மறைத்தால், அடுத்த மழையில் மாட்டிக்கொள்வது வண்டியில் வருகிற நம்ம வீட்டு ஆட்கள்தான். 'இன்னைக்கு மழை, வராதீங்க' என்று நேரத்துக்குச் சொல்கிற ஊரை ஜனங்க நம்புவாங்க. அந்த நம்பிக்கை எந்த விளம்பரத்திலும் கிடைக்காது.

அப்போ... யார் படிக்கணும்?

என் அசைன்மென்ட்டை எழுதி முடித்து அனுப்பினேன். அந்த கோர்ஸில் திருத்துவதும் சக மாணவர்கள்தான். யாரோ எங்கேயோ உட்கார்ந்து மார்க் போட்டார்கள். நல்ல மார்க்தான். ஆனால், அவர்களில் எத்தனை பேர் ஏற்காட்டைப் பார்த்திருப்பார்கள்? நானே கீழே சேலத்தில் இருந்துகொண்டு மேலே இருப்பவர்களுக்கு பிளான் போடுகிற ஆள்தானே? காக்பர்ன் காலத்துப் பழக்கம் வேறு ரூபத்தில் தொடர்கிறதோ என்று ஒரு உறுத்தல்.

இதைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகப் பேசணும். ஓர் ஊரின் பிம்பத்தை உருவாக்கும் வித்தையை ஆன்லைனில் சொல்லித்தர முடியுமா? பாதி முடியும். செய்திக் குறிப்பு எழுதுவது, போட்டோ எடுப்பது, கேள்வித்தாள் தயாரிப்பது, விபத்து நேரத்தில் எதை முதலில் சொல்வது... இதெல்லாம் வீடியோவில் கற்றுக்கொள்ளலாம். மறுபாதி, ஊரைக் கேட்கிற காது. அது லேப்டாப்பில் வராது. சேர்வராயன் கோயில் குகையில் தலை இடித்தால்தான், கிராம சபையில் பின் வரிசையில் உட்கார்ந்தால்தான் வரும்.

ஆனால், யோசிச்சுப் பாருங்க. அந்த மறுபாதி ஏற்கெனவே கையில் இருக்கிறவர்கள் மலைக் கிராமத்துப் பசங்கதான்! எந்தச் சுனை எந்த மாசம் வற்றும், எந்தப் பாறைக்கு என்ன கதை, எந்தப் பாதையில் வெளியாட்கள் போகக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இல்லாதது என்னிடம் இருக்கும் முதல் பாதி. ஆன்லைன் படிப்பின் நிஜமான பலன் அங்கேதான் இருக்கிறது. ஒரு டிப்ளமோவுக்காக 20 வளைவு இறங்கி, சேலத்தில் ரூம் எடுத்து, வேலையை விட்டு வரத் தேவையில்லை. ஸ்வயம் மாதிரி தளங்களில் பாடம் பார்க்கக் காசு இல்லை. தேர்வு எழுதி சர்ட்டிஃபிகேட் வாங்கத்தான் கட்டணம். 2020 ஊரடங்கில் மத்திய சுற்றுலா அமைச்சகம் 'தேக்கோ அப்னா தேஷ்' என்று இணையக் கருத்தரங்கு வரிசையே நடத்தியது. ஊரைப் பற்றி வீட்டில் இருந்தே சொல்லலாம், கேட்கலாம் என்பதை நாடே அப்போது பார்த்தது.

ரெண்டு தடைகள் உண்டு. ஒன்று, சிக்னல். அதே ஊரடங்கில் தமிழ்நாட்டு மலைக் கிராமங்களில் பசங்க பாறை மேலும் மரத்து மேலும் ஏறி ஆன்லைன் கிளாஸ் கவனித்ததைப் பேப்பரில் பார்த்தோமே? டவர் இல்லாத ஊருக்கு இந்தப் பேச்செல்லாம் வெறும் காற்று. இரண்டு, மொழி. இந்தப் பாடங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில்தான். 'அரக்கு' எப்படி ஜெயித்தது, கிராம சபையை எப்படிப் பயன்படுத்துவது, மிளகுப் பாக்கெட்டில் என்ன எழுதுவது என்று தமிழில், பத்துப் பத்து நிமிஷ வீடியோவாக வந்தால்? சிக்னல் கிடைக்கிற இடத்தில் டவுன்லோட் பண்ணி, வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற மாதிரி இருந்தால்? இது ராக்கெட் விடுகிற வேலை இல்லை. காலேஜ் என்.எஸ்.எஸ். கேம்ப்பில் நாமே ஆரம்பிக்கலாம். நாம் டெக்னிக்கைச் சொல்லித் தருவோம். அவர்கள் ஊரைச் சொல்லித் தரட்டும். சரிசமப் பேச்சு!

அடுத்த தலைமுறை 'ஏற்காடுன்னா என்ன?' என்று கேட்டால், அதற்கு ஒரு மலையாளிப் பொண்ணோ பையனோ பதில் சொல்லணும். அது என்ன வாக்கியமாக இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. ஆனால், அதில் 'ஊட்டி' என்ற வார்த்தை இருக்காது. பெட்டு கட்டலாமா?

ஏற்காடு கிளம்பறீங்களா? இதைப் படிச்சுட்டுப் போங்க!

* மே மாதமும் தொடர் விடுமுறையும் வேண்டாம். மழை விட்ட பிறகு ஒரு வார நாளில் போங்க. கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்க.

* ஏரியோடு நிறுத்தாதீங்க. வட்டப்பாதையில் ஒரு ரவுண்டு, ஆர்க்கிட் தோட்டம், சேர்வராயன் கோயில் மூணும் கட்டாயம். கோயிலில் குனிந்து போங்க, சத்தம் போடாதீங்க.

* காபித்தூள், மிளகு வாங்கும்போது எந்த ஊரில் விளைந்தது என்று கேளுங்க. மலைக்காரர்களிடம் பேரம் வேண்டாம்.

* தண்ணி பாட்டில், சிப்ஸ் கவரைப் பையில் போட்டுக் கீழே கொண்டு வாங்க. மேலே கொண்டுபோகத் தெரிந்த நமக்குக் கீழே கொண்டுவரத் தெரியாதா?

* வழி மட்டும் கேட்காமல் ஒரு கதையும் கேளுங்க.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். உங்க சொந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரர் சொல்கிற ஒரு வார்த்தை, உங்க பாட்டி சொல்கிற ஒரு வார்த்தை, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்க. நடுவில் எவ்வளவு தூரம்னு உங்களுக்கே தெரியும்!